சீரொளிக் காட்சிகளுக்கு இனியும் கூட்டம் வருமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மனிதன் இருளைக் கண்டு அஞ்சிய காலம் ஒன்று உண்டு. இன்றோ இருளைத் தேடிச் செல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. தெருவிலே ஒளி, கடையிலே ஒளி, உள்ளங்கையில் இருக்கும் கைப்பேசியிலே ஒளி! இத்தகைய நாளில், ஓர் இருண்ட மண்டபத்தில் அமர்ந்து, நான்கு நிறக் கோடுகள் இசைக்கு ஏற்ப ஆடுவதைக் காண எவரேனும் பணம் கொடுத்து வருவார்களா? வருவார்கள் என்பதே என் கருத்து. ஆயினும் அது நடத்துபவர்களின் கையில் இருக்கிறது என்பதையும் கூற விரும்புகிறேன்.

தமிழில் சீரொளி என்று நாம் கூறும் லேசரை 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் முதன்முதலாக ஒளிரச் செய்தார். பத்தே ஆண்டுகளில் அது கலையுலகில் புகுந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எல்சா கார்மைர் என்ற பெண் இயற்பியலாளர் சீரொளியைக் கொண்டு அழகிய உருவங்களை அமைத்து வந்தார். 1970இல் அவற்றைப் படமெடுக்கச் சென்றார் ஐவன் டிரையர் என்ற திரைப்படக்காரர். எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது, நேரில் கண்ட அழகு அதில் இல்லை! அப்படியானால் மக்களையே நேரில் வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1973 நவம்பர் 19ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் வானாய்வகக் கோளரங்கில் ‘லேசேரியம்’ தொடங்கியது. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே நடைபெற்றது.

அந்தக் காட்சியின் பொறி அமைப்பு எளிமையானது. கிரிப்டான் வாயு நிரம்பிய குழாயிலிருந்து வரும் ஒளிக்கற்றையை ஒரு முப்பட்டகம் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்காகப் பிரிக்கும். மிக வேகமாக அசையும் சிறு கண்ணாடிகள் அந்தக் கற்றைகளைக் குவிமாடத்தின் மேல் ஓட்டும். உண்மையில் அங்கு ஓடுவது ஒரு புள்ளிதான். நம் கண் கண்ட காட்சியை ஒரு கணம் விடாமல் பிடித்துக்கொள்வதால், அந்தப் புள்ளி வட்டமாகவும் மலராகவும் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் இரவும் ஒரு கலைஞர் விசைப்பலகையின் முன் அமர்ந்து, வீணை வாசிப்பதைப் போல ஒளியை வாசித்தார்.

மறுதரப்பாரின் வாதத்தையும் கேட்போம். “நான்கு நிறக் கோடுகள் எங்கே, இன்றைய விந்தைகள் எங்கே?” என்று அவர்கள் கேட்பார்கள். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் 1,824 டிரோன்கள் வானில் உலக உருண்டையை வரைந்தன. 2022 ஜனவரி 29 அன்று நம் தலைநகர் டெல்லியில், படைகள் பாசறை திரும்பும் விழாவில் 1,000 டிரோன்கள் பறந்தன. 2023 செப்டம்பரில் லாஸ் வேகஸ் நகரில் ‘ஸ்பியர்’ என்னும் உருண்டை அரங்கம் திறக்கப்பட்டது. அதன் உட்புறமே ஒரு மாபெரும் திரை. கிரிஃபித் வானாய்வகமும் 2002இல் புதுப்பிப்பதற்காக மூடப்பட்டு, 2006இல் திறக்கப்பட்டபோது லேசேரியம் அங்கே திரும்பவில்லை. இவை மறுக்க முடியாத உண்மைகள்.

ஆனால் பெரியது வந்துவிட்டால் சிறியது சுவை இழந்துவிடுமா? திரைப்படம் வந்த பிறகும் நாடகம் இருக்கிறது. மின்விளக்கு வந்த பிறகும் கார்த்திகைக்கு அகல் ஏற்றுகிறோம். சீரொளிக் காட்சிக்கும் அதற்கே உரிய சிறப்புகள் உள்ளன.

முதலாவது, அதை நகலெடுக்க முடியாது. சீரொளி விழும் சுவரை உற்றுப் பாருங்கள். மணலைத் தூவியது போல எண்ணற்ற புள்ளிகள் மினுமினுக்கும். தலையை அசைத்தால் அவையும் நகர்வது போலத் தோன்றும். ஒரே சீரான ஒளியலைகள் சுவரின் சொரசொரப்பில் பட்டுச் சிதறி, நம் விழித்திரையில் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் கொள்வதால் இது நிகழ்கிறது. ஆகவே என் கண்ணில் தோன்றும் புள்ளிகள் வேறு, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் கண்ணில் தோன்றும் புள்ளிகள் வேறு! சீரொளியின் தூய நிறங்களை நம் கைப்பேசித் திரையால் அப்படியே காட்டவும் இயலாது. நேராகப் பட்டால் கைப்பேசியின் கேமராவையே அது கெடுத்துவிடக்கூடும். இன்று எதையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அப்படியிருக்க, நேரில் சென்றால்தான் காணக்கூடிய ஒன்றுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாவது, அதில் மனிதக் கை இருக்கிறது. எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நாங்கள் ஒரு சிறு அமைப்பைச் செய்தோம். இரு பக்கமும் திறந்த ஒரு தகர டப்பா. அதன் ஒரு வாயில் இழுத்துக் கட்டிய பலூன். பலூன் மேல் ஒட்டிய விரல்நகம் அளவுக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஒரு சிறிய சிவப்பு லேசர். டப்பாவின் மறுவாயில் பாடினால், எதிர்ச் சுவரில் ஒளி சுழன்று வளையமாகும்; சுருதியை மாற்றினால் உருவமும் மாறும். செலவு நூறு ரூபாய் கூட ஆகவில்லை. பெரிய திரையில் விண்வெளிப் படம் ஓடிய பக்கத்து அறையில் கூட்டம் வந்து சென்றது. எங்கள் அறையிலோ வந்தவர்கள் நகரவே இல்லை! “நான் ஒரு முறை பாடுகிறேன்” என்று சிறுமிகள் மட்டுமா கேட்டார்கள்? தாத்தாமார்களும் கேட்டார்கள். தன் குரலுக்கு ஒளி விடை சொல்லும்போது உண்டாகும் மகிழ்ச்சியை எந்தத் திரையும் தருவதில்லை என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

மூன்றாவது, அது நம் கற்பனைக்கு இடம் விடுகிறது. டிரோன்கள் உலக உருண்டையை வரைந்தால் அது உலக உருண்டைதான். சீரொளி வரையும் வளையத்தை ஒருத்தி தாமரை என்பாள், மற்றொருத்தி கடல் அலை என்பாள். இருவர் சொல்வதும் சரியே.

இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள பசிபிக் அறிவியல் மையத்தின் லேசர் அரங்கம், பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட பின்னும் மீண்டும் காட்சிகளைத் தொடங்கியது. கலைஞர்கள் அங்கே நேரிலேயே ஒளியை இயக்குகிறார்கள். மக்கள் தரையில் படுத்தபடியே மேலே பார்க்கிறார்கள்.

அதற்காகப் பழைய பெயரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரே பதிவை, ஒரே பாட்டோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் மக்கள் சலிப்படையவே செய்வார்கள். ஹாங்காங் துறைமுகத்தில் 2004இல் தொடங்கிய ஒளிக் காட்சியையே 2017 டிசம்பரில் புதிய இசையோடு மாற்றியமைத்தார்கள். எனவே இசை புதிதாகட்டும். இயக்கும் கலைஞரை மக்கள் காணட்டும். காட்சி முடிந்ததும் அந்தக் கண்ணாடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கட்டும். கற்றை எவர் கண்ணிலும் படாதவாறு காக்கும் விதிகளையும் கடைப்பிடிக்கட்டும்.

அன்புத் தோழியரே, மதிப்பிற்குரிய பெற்றோர்களே! ஆண்டு விழாவில் நம் பிள்ளை ஆடும்போது கூட நாம் கைப்பேசித் திரை வழியாகத்தான் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்த பின் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தோம்? சீரொளிக் காட்சி நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: திரையை அணைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார். அந்தப் பழக்கத்தை நாம் மறந்துவிட்டால், நாம் இழப்பது ஒரு பழைய வேடிக்கையை மட்டுமல்ல, பார்க்கும் திறனையே. அந்தத் திறன் நம்மிடம் இருக்கும் வரை, இருட்டில் ஆடும் ஒரு சிறு ஒளிப்புள்ளிக்கும் கூட்டம் வந்தே தீரும்.