'செல்லலாம்' வரைக்கும் வந்த செய்தி

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் ஒரு மின்னணு அறிவிப்புப் பலகை நிறுத்துவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சென்னையிலிருக்கும் சர்வர் வானிலைச் செய்தி அனுப்பும். பலகைக்குள் ஓடும் சி புரோகிராம் அதை டிசிபி சாக்கெட் வழியே வாங்கிக் காட்டும். விடியற்காலை சர்வர் அனுப்பியது: "கடலுக்குச் செல்லலாம் என்ற முந்தைய அறிவிப்பு ரத்து". பலகையில் தெரிந்தது: "கடலுக்குச் செல்லலாம்".

கற்பனைதான். ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் வழக்கமாக எழுதப்படும் கிளையண்ட் புரோகிராம் இதைச் செய்யக்கூடியதுதான். 1024 பைட்டுக்கு ஒரு பஃபர், ஒரே ஒரு 'ரிசீவ்', உடனே 'பிரின்ட்எஃப்'. சர்வரும் கிளையண்டும் ஒரே கணினியில் ஓடுவதால் அழகாக வேலை செய்யும். எக்ஸ்டர்னல் வருவார், பார்ப்பார், மார்க் போட்டுவிட்டுப் போவார்.

டிசிபிக்கு 'செய்தி' என்றால் என்னவென்றே தெரியாது. 1981-இல் வந்த ஆர்எஃப்சி 793-ம் சரி, அதற்குப் பதிலாக 2022-இல் வந்த 9293-ம் சரி, சொல்வது ஒன்றுதான்: அது பைட்டுகளின் ஓட்டம். ஒரு 'செண்ட்'டுக்கு ஒரு 'ரிசீவ்' என்று எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. மேலே சொன்ன செய்தி யூடிஎஃப்-8-இல் 137 பைட். முதல் 58 பைட்டிலேயே 'செல்லலாம்' முடிந்துவிடுகிறது. மீதி 79 அடுத்த 'ரிசீவ்'வில் வரலாம். அடுத்த செய்தியோடு ஒட்டிக்கொண்டும் வரலாம். தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும் என்பதால் வால் அறுந்தால் அர்த்தமே தலைகீழ்!

"டிசிபி நம்பகமானது என்று சார் சொன்னாரே?" சொன்னது சரிதான். வரிசை மாறாது, நடுவில் தொலையாது. ஆனால் எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறையைப் பாருங்கள். இன்ன இடத்தில் இன்னார் முறை என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்டு வலை கட்டுகிறார்கள். எல்லை போட்டுத் தருவது ஏரி அல்ல, ஊர். சாக்கெட்டிலும் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இது புரியாதவர்கள் கண்டுபிடித்த வைத்தியங்கள் இருக்கின்றனவே! பஃபரைப் பெரிதாக்குவது, இரண்டு 'செண்ட்'டுக்கு நடுவே 'ஸ்லீப்' போடுவது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி நல்லவாடு மக்களைக் காப்பாற்றியது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் தகவலும் ஊர் ஒலிபெருக்கியும். போனில் பாதிப் பேச்சில் குரல் நின்றால் மனிதன் "அப்புறம்?" என்று கேட்பான். புரோகிராமில் அந்த 'அப்புறம்'தான் லூப்.

முதலில் 4 பைட்டில் நீளம், நெட்வொர்க் பைட் வரிசையில். அந்த 4 பைட்டையே லூப் போட்டுத்தான் வாங்க வேண்டும் (அதுவும் 2, 2 ஆக வரலாம் சாமி!). நீளத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்துச் சோதித்துவிட்டு, அத்தனை பைட்டும் சேரும்வரை 'ரிசீவ்'. 0 திரும்பினால் எதிர்முனை மூடிக்கொண்டது. பாதியில் மூடியிருந்தால் வந்ததைக் காட்டவே கூடாது. மைனஸ் 1 வந்து, காரணம் சிக்னல் குறுக்கீடு என்றால் மறுபடி முயற்சி. மீதி வராமலே போனால் காத்தே கிடக்காமலிருக்க டைம்அவுட். 'எம்எஸ்ஜி வெயிட்ஆல்' போதுமே என்பவர்கள் அதன் மேன் பக்கத்தை முழுதாகப் படிக்கட்டும்: சிக்னல் வந்தாலோ இணைப்பு அறுந்தாலோ அதுவும் குறைவாகவே திருப்பும்.

இருபது முப்பது வரி வேலை. எக்ஸ்டர்னல் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது: சர்வரை ஒவ்வொரு பைட்டாக, நடுவே சற்று இடைவெளி விட்டு அனுப்பச் சொல்லட்டும். பாதிச் செய்தி போன பிறகு கேபிளைப் பிடுங்கட்டும். அப்போதும் பலகையில் 'செல்லலாம்' தெரியவில்லை என்றால் மார்க் போடட்டும்.