இரும்புப் பெட்டியும் ஏழைகள் வீடும்

சில காலமாக மேல்நாடுகளில் ஒரு பிரசாரம் பலமாய் நடந்து வருகிறது. அதாவது, கப்பலில் சரக்கேற்றிப் போகும் கண்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டிகளில் கதவும் ஜன்னலும் வெட்டி வீடாக்கிவிட்டால், ஏழைகளுக்கு வீடில்லை என்கின்ற கஷ்டம் ஒழிந்துவிடும் என்பதாகும். படங்கள் அழகாய் வருகின்றன. "மலிவு", "சீக்கிரம்", "புதுமை" என்கின்ற மூன்று வார்த்தைகளும் மந்திரம்போல் ஓதப்படுகின்றன. நம் ஊர்களிலும் இதைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. ஆதலால் இதைப்பற்றிச் சற்று யோசித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

நம் பாட்டன் இரும்புப் பெட்டியில் குடியிருக்கவில்லை என்பதற்காக நாம் இதை ஆட்சேபிக்கவில்லை. பழையது என்பதற்காக ஒன்றை நம்புவது எப்படி மூடநம்பிக்கையோ, அப்படியே புதியது என்பதற்காக ஒன்றை நம்புவதும் மூடநம்பிக்கையேயாகும். இரண்டிலும் அறிவுக்கு வேலை கொடுக்கப்படுவதில்லை.

முதலாவது, இந்தப் பெட்டி எதற்காக ஏற்பட்டது என்று பார்ப்போம். முன்பெல்லாம் மூட்டை, பீப்பாய், பெட்டி என்று ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கப்பலில் ஏற்றி இறக்கினார்கள். அமெரிக்காவில் லாரி வியாபாரம் செய்துவந்த மால்கம் மக்லீன் என்பவர் 1956-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, "ஐடியல் எக்ஸ்" என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைத் தொடாமல் பெட்டியையே லாரியிலிருந்து கப்பலுக்குத் தூக்கி வைப்பதுதான் அதன் சூட்சுமம். உலக வியாபாரமே அதனால் மாறிப்போயிற்று. அது மெச்சத்தக்க காரியமே. சரக்குக்கு என்ன வேண்டுமென்று யோசித்துச் செய்ததால் அது ஜெயித்தது. ஆனால் சரக்குக்கு வியர்க்காது, மூச்சு முட்டாது, சரக்கு சமையல் செய்யாது, பிள்ளை பெற்று வளர்க்காது.

இப்பெட்டியை வீடாக்கும் முறைக்கு பிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர் 1987-ல் விண்ணப்பம் போட்டு, 1989-ல் உரிமை பெற்றார். அதற்கப்புறம் இந்த ஆசை பல தேசங்களிலும் பரவிற்று. சாமான் இறக்குமதி அதிகமாகவும் ஏற்றுமதி குறைவாகவும் உள்ள தேசங்களில், பெட்டியை வெறுமையாய்த் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாமல் துறைமுகங்களில் குவிந்துகிடப்பதுண்டு. "கிடக்கிற பெட்டியில் ஏழை கிடக்கட்டுமே" என்பதுதான் இந்த யோசனையின் ஆரம்பம்.

இனிப் பெட்டியின் யோக்கியதையைக் கவனிப்போம். பெரிய பெட்டி 40 அடி நீளம், 8 அடி அகலம். உள்ளே அளந்தால் அகலம் 7 அடி 8 அங்குலந்தான். இரும்புத் தகடு வெயிலில் காயும், பனியில் குளிரும். உள்ளிருப்பவர்களின் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராய் வழியும். இதைத் தடுக்க உட்புறம் கனமான தடுப்புப் போடவேண்டும். போட்டால் அகலம் ஏழடியாய்ச் சுருங்கிவிடும். போடாவிட்டால் குடியிருக்க முடியாது.

பெட்டியின் பலமெல்லாம் நான்கு மூலைக் கம்பங்களிலும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் சட்டங்களிலும் தகட்டிலும் இருக்கிறது. ஜன்னலுக்கும் கதவுக்கும், இரண்டு பெட்டியை ஒன்றாக்குவதற்கும் தகட்டை வெட்ட வெட்ட அந்தப் பலம் குறைகிறது. குறைந்ததைச் சரிக்கட்ட வேறு இரும்பு வைத்துப் பற்றவைக்கவேண்டும். தரைப் பலகையோ, பூச்சி அரிக்காதிருக்க மருந்தூட்டப்பட்டது. அதன்மேல் குழந்தை தவழவேண்டுமானால் அதை எடுத்தெறியவோ, மூடவோ வேண்டும். பிறகு அஸ்திவாரம், தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்சாரம், சமையலறை, குளியலறை எல்லாம் மற்ற வீட்டுக்கு ஆவதுபோலவே இதற்கும் ஆகும். அப்படியானால் மிச்சமென்ன? நான்கு சுவரும் ஒரு கூரையுந்தான். வீட்டுச் செலவில் சுவரும் கூரையும் ஒரு பங்கேயல்லாமல் முழுச் செலவாகுமா?

அதைவிட முக்கியமானது நிலம். லண்டனில் ஏழைக்கு வீடு கிடைக்காதது, அங்கே செங்கல் கிடைக்காததாலா? கொத்தனார் இல்லாததாலா? மண்ணின் விலைதான் அங்கே மனிதனை வெளியே தள்ளுகிறது. பெட்டியை ஆகாயத்தில் தொங்கவிட முடியாது. நிலத்தின் விலை குறையாமல், அதன்மேல் வைக்கிற டப்பாவின் விலையைக் குறைப்பதால் என்ன லாபம்?

சரி, இந்தப் பெட்டிகள் எங்குமே உதவவில்லையா என்று கேட்கலாம். உதவியிருக்கின்றன. 2011-ல் ஜப்பானில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்தபின், ஓனகாவா என்ற ஊரில் ஷிகெரு பான் என்ற கட்டிட நிபுணர், பெட்டிகளைச் சதுரங்கக் கட்டம்போல் இடைவெளி விட்டு மூன்று மாடி வரை அடுக்கி, 189 வீடுகள் செய்தார். வீடிழந்தவர்களுக்குச் சமநிலம் கிடைக்காத ஊரில் அது பேருதவியாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் 2006 வாக்கில், கீட்வோனன் என்ற இடத்தில் சுமார் 1,000 மாணவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டியாய், குளியலறையும் சமையல் வசதியும் வைத்துக் கொடுத்தார்கள். இவ்விரண்டிலும் ஒரு பொதுக்குணம் உண்டு. குடியேறினவர்கள் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். பெட்டியை மனிதனுக்கேற்பத் திருத்தினார்களேயல்லாமல், மனிதனைப் பெட்டிக்கேற்பக் குறுக்கவில்லை.

இனி இங்கிலாந்தின் சங்கதியைக் கேளுங்கள். அங்கே வீடிழந்த குடும்பங்களைத் தற்காலிகமாக வைப்பதற்குச் சில தலத்தாபனங்கள் இந்தப் பெட்டிகளை உபயோகித்தன. 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அந்நாட்டின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட அறிக்கை இதை எடுத்துக்காட்டிற்று. பெட்டிகள் கோடையில் கொதிக்கின்றன, குளிர்காலத்தில் விறைக்கின்றன, குழந்தைகளுக்கு விளையாட இடமில்லை என்று அதில் கண்டிருந்தது. அச்சமயம் தற்காலிக இடங்களில் இருந்த குழந்தைகள் சுமார் 1,24,000 பேர்.

அதே இங்கிலாந்தில் சர்க்கார் 2015-ல் வீட்டுக்கு ஓர் அளவு எழுதிவைத்தார்கள். ஒற்றை ஆளுக்குக்கூட 37 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது அது. தலத்தாபனங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நாற்பதடிப் பெட்டியின் உள்பரப்போ, தடுப்புப் போடுவதற்கு முன்பே சுமார் 28 சதுர மீட்டர். ஒற்றை ஆளுக்கு நினைத்த அளவு, தாயும் பிள்ளைகளுமாய்த் தெருவுக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஏன் மறந்துபோயிற்று? ஏழைக்கு உடம்பு சிறியதா, அல்லது அவன் பிள்ளைக்குக் காற்று கொஞ்சம் போதுமா?

தலத்தாபனங்கள், "தெருவில் விடுவதைவிட இது மேலல்லவா?" என்று கேட்கக்கூடும். மேல்தான். ஆனால் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது எது? தலத்தாபனங்கள் குறைந்த வாடகைக்கு விட்டிருந்த வீடுகளைக் குடியிருப்பவர்களுக்குச் சலுகை விலைக்கு விற்க 1980-ல் சட்டம் செய்தார்கள். அதுமுதல் இங்கிலாந்தில் சுமார் 20 லட்சம் வீடுகள் கைமாறிப்போயின. வாங்கினவனைக் குற்றம் சொல்லமாட்டோம். விற்றதற்கு ஈடாகக் கட்டாமல் விட்டவர்களைத்தான் கேட்கிறோம். வீட்டை விற்றுவிட்டுப் பெட்டியைக் கொடுப்பதற்குப் "புதுமை" என்று பெயர் வைத்தால் புத்தியுள்ளவன் ஒப்புவானா?

ஆகவே தோழர்களே, எந்த ஊரிலாவது யாராவது இரும்புப் பெட்டியைக் காட்டி இதுதான் ஏழையின் வீடு என்று சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். நிலம் யாருடையது? சித்திரை வெயிலுக்கும் மார்கழிப் பனிக்கும் உள்ளே என்ன ஏற்பாடு? எந்தத் தேதிக்குள் இவர்களுக்கு நிரந்தர வீடு? யோசனை சொன்ன கனவான் தம் பெண்டு பிள்ளைகளோடு ஒரு வருஷம் இதில் இருக்கச் சம்மதமா? நான்குக்கும் நேரான பதில் வந்தால் பெட்டியைத் தாராளமாய் வரவேற்கலாம்; இரும்பின்மேல் நமக்கு விரோதமில்லை. பதில் வராவிட்டால், அது ஏழைக்கு வீடு கொடுக்கிற காரியமல்ல, வீடு கொடுக்காததை மறைக்கிற காரியம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சரக்கை வைக்கிற இடத்தில் மனிதனை வைக்கத் துணிந்தவர்கள், அவனையும் சரக்காகவே எண்ணுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.