பூனையின் வலிக்குப் பழைய மாத்திரை வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கும் மாணவர்களே, இது உங்களுக்குப் பழகிய காட்சியாக இருக்கலாம். பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது. சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வருகிறது. சில வேளை இரத்தமும் கலந்திருக்கிறது. "கிருமிதான்" என்று சொல்லி, போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தேடுகிறோம். இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பேன்.

பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் இத்தொல்லைக்குப் பாக்டீரியா காரணமாவது குறைவு. பாதிக்கும் மேற்பட்டவற்றில் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. சிறுநீர்ப்பை அழற்சி மட்டுமே இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அது தானாகவே தணிந்துவிடும். நாமோ மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நம்பிவிடுகிறோம்! மாத்திரை தராத பூனையோடு ஒப்பிட்டுப் பார்த்தோமா? பள்ளி ஆய்வுக்கூடத்தில் இப்படி முடிவு எழுதினால் ஆசிரியர் விடமாட்டார். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக், மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும். வயதான பூனைகளுக்குக் கிருமித்தொற்று வருவது உண்டு. அதைச் சிறுநீர்ப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

சரி, மறுபடி மறுபடி வராமலிருக்க என்ன செய்வது? முதலில் தண்ணீர். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடலிலுள்ள நீரிலேயே பெரும்பாலும் காலம் தள்ளியது. அதன் சிறுநீரகம் நீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டின் உணவில் ஏறக்குறைய 75 விழுக்காடு நீர். உலர் உணவில் 10 விழுக்காடுதான். உலர் உணவை மட்டும் தின்னும் பூனையின் சிறுநீர் அடர்த்தியாகிவிடுகிறது. டின் உணவு விலை கூடுதல்தான். உலர் உணவிலேயே தண்ணீர் கலந்து கொடுக்கலாமே.

அடுத்தது மன உளைச்சல். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர், கிருமியோ கல்லோ இல்லாமல் இத்தொல்லைக்கு ஆளான 46 வீட்டுப் பூனைகளின் சூழலை மாற்றியமைத்து, 10 மாதம் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். தொல்லை வெகுவாகக் குறைந்திருந்தது. (அந்த ஆய்விலும் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஏறி உட்கார ஓர் உயரம், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதல், தினமும் கொஞ்ச நேர விளையாட்டு: இவையெல்லாம் செலவில்லாத வைத்தியம். தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்ததற்காக அடிப்பது உளைச்சலை இன்னும் கூட்டும்.

ஆனால் ஒரு நிலையில் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை முக்கி முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால், அதன் குறுகிய சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். மலச்சிக்கல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். வலிக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. உங்கள் பகுதியில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் எது என்று இன்றே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.