காக்கையா, காற்றா?

மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்பு குறையும் என்று 1990-களில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அது வெறும் வதந்தியல்ல. பல்லாயிரம் செவிலியரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், மாத்திரை எடுத்தவர்களிடம் இதயநோய் கணிசமாகக் குறைந்திருப்பதையே காட்டின. லட்சக்கணக்கான பெண்களுக்கு மாத்திரை எழுதித் தரப்பட்டது.

பிறகு 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002 ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதமும், குறையும் என்று எதிர்பார்த்த இதயநோய் 29 சதவீதமும் கூடுதலாக இருந்தன. அதாவது, 10,000 பெண்களில் ஆண்டுக்குக் கூடுதலாக ஏழு பேருக்கு இதயநோய். சிறிய எண்தான், ஆனால் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான எண். (மாதவிடாய் நிற்கும் காலத்துக் கடும் தொல்லைகளுக்கு மருத்துவர் ஆலோசனையுடன் இந்த மருந்து இன்றும் தரப்படுகிறது, இதயத்தைக் காக்கும் என்பதற்காக அல்ல.)

பிழை எங்கே நேர்ந்தது? தாமாக மாத்திரையைத் தேடிச் சென்ற பெண்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், மருத்துவரைத் தவறாமல் பார்ப்பவர்கள். மாத்திரை இல்லாவிட்டாலும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாகத்தான் வந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தற்செயலுக்கு உதாரணமாகச் சொல்கிறோம். இங்கே நடந்தது தற்செயல் அல்ல. காக்கையை அங்கே கொண்டுவந்ததும் பழத்தை உதிர்த்ததும் ஒரே காற்று. அந்தக் காற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டு விஷயங்கள் சேர்ந்தே கூடிக் குறையும் ‘ஒட்டுறவு’ நம்மை ஏமாற்றும்.

தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சத்தில் ஏமாற்றியது குழந்தையின் வயது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்கும் பருவமும் அந்தத் தடுப்பூசி போடும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. 1998-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெறும் 12 குழந்தைகளைக் காட்டி இரண்டையும் முடிச்சுப் போட்டார். டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு தெரியவில்லை. வேக்ஃபீல்டின் கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. ஆனாலும் அச்சம் அடங்கவில்லை. 2017-இல் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் ஒப்புதல் தரத் தயங்கினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. “ஊசிக்குப் பிறகு” என்பதற்கும் “ஊசியால்” என்பதற்கும் உள்ள தூரத்தை அவர்களுக்கு யார் எடுத்துச் சொன்னோம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுவும் ஆபத்தானதே. “ஒட்டுறவு காரணமாகிவிடாது” என்ற அதே வாக்கியத்தைத்தான் சிகரெட் நிறுவனங்கள் கேடயமாகப் பிடித்தன. நவீனப் புள்ளியியலின் முன்னோடியான ரொனால்டு ஃபிஷரே, புகைக்கும் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பரம்பரைக் கூறு ஒன்று பொதுக் காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டார். யாரையும் குலுக்கிப்போட்டுப் புகைக்கச் சொல்ல முடியாது. ஆகவே ஆய்வாளர்களான ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் 1951 முதல் சுமார் 40,000 பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடர்ந்தார்கள். புகைத்த அளவு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் மரணம் கூடியது; விட்டவர்களிடம் ஆபத்து குறைந்தது. வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகளும் இதையே கூறின. இத்தனைக்குப் பிறகும் சந்தேகத்தை வளர்த்தவர்கள் அறிவியலுக்காகப் பேசவில்லை.

ஒட்டுறவையும் காரணத்தையும் பிரித்துக் காட்டும் பொறுப்பைப் புள்ளியியலாளரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆய்வு “தொடர்பு இருக்கிறது” என்று சொல்ல, செய்தித் தலைப்பு “தடுக்கிறது” என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். திட்டம் வந்த பிறகு பள்ளி இடைநிற்றல் குறைந்தது என்று அரசு அறிவிக்கும்போது, திட்டம் எட்டாத இடங்களில் என்ன ஆயிற்று என்ற கணக்கையும் சேர்த்தே தர வேண்டும். எதிர்க்கட்சி குற்றம் சாட்டும்போதும் இதே அளவுகோல்தான். பள்ளியில் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள், அந்த எண் எதைச் சொல்லாது என்பதற்கும் ஒரு வகுப்பை ஒதுக்க வேண்டும். நம் குடும்பக் குழுவுக்கு அடுத்த மருத்துவச் செய்தி வரும்போது, அதை அனுப்பியவரிடம் மரியாதையோடு கேட்போம்: யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? பதில் கிடைக்கும்வரை அதை மற்றவருக்கு அனுப்பாமல் இருப்போம்.