செட் மாத்திரை

பொட்டி தட்டுறவனுக்கு மருந்துக்கடையில என்ன வேலைன்னு கேப்பீங்க. இருந்தாலும் சொல்றேன். எங்க திருவேங்கடம் பக்கம் மூட்டுவலின்னா முதல் வைத்தியம் 'ஒரு செட் மாத்திரை'தான். பேர் எழுதாத கவர், உள்ளே மூணு நாலு கலர். என்ன மாத்திரைன்னு பெரியம்மாகிட்ட கேட்டேன். "வலி நிக்குல்லா, பேரு எதுக்குய்யா?"ங்கிறாங்க.

வலி நிக்கும்தான். ஆனா வந்திருக்கிறது முடக்குவாதமா இருந்தா? உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற நோய் அது. வலி மாத்திரை அந்தத் தாக்குதலை நிறுத்தாது. எர்ரர் மெசேஜை மறைச்சா பக் சரியாகிடுமா? உள்ளே மூட்டு அரிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

இதுக்கு முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே நாள்தான். தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் டாக்டர்கள் வலி மாத்திரையையோ, கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டையோ சேர்த்துத் தர்றாங்க. துணை நடிகர்! நாம அவரையே ஹீரோவாக்கிட்டோம் :-)

வருஷக்கணக்கா போட்டா வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். செட்டுல ஸ்டீராய்டு இருந்தா சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். நாள்பட போட்டுட்டு திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. பேரே தெரியலைன்னா டாக்டர்கிட்ட எதைச் சொல்ல?

2024 ஆகஸ்ட்ல மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செஞ்சது. அசெக்ளோஃபெனாக் 50 மி.கி., பாராசிட்டமால் 125 மி.கி. சேர்ந்த வலி மாத்திரையும் அதுல ஒண்ணு. சரி, கடைக்காரர் கத்தரிச்சுப் போடுற கூட்டணியை எந்த உத்தரவு பிடிக்கும்?

பேர் எழுதாத கவரை வாங்காதீங்க. காலையில எழுந்து அரை மணி நேரமாகியும் விரலை மடக்க முடியலை, மூட்டும் வீங்கியிருக்குன்னா மூட்டு டாக்டரைப் பாருங்க.

உங்க ஊர்ல எப்படி மக்கா?