போட்டோக்காரர் பெட்டியில் ஓர் ஊர்

திருமலைராயன்பட்டினம் என்றதும் காளமேகப் புலவர் நினைவுக்கு வருவார். அவர் வசை பாடியதால் ஊரில் மண்மாரி பொழிந்தது என்பது கதை. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் இந்த ஊர்க் கடற்கரைக்கு எழுந்தருளுவார். புலவர் கதை ஏட்டில் இருக்கிறது. பெருமாள் விழா பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஊர் ஜனங்களின் முகங்கள் எங்கே இருக்கின்றன?

போட்டோக்காரரின் பெட்டியில் இருக்கின்றன. இப்போது அந்தப் பெட்டிக்குத்தான் ஆபத்து.

கறுப்புத் துணிக்குள் ஒரு தொழில்

சிற்றூர் போட்டோக்காரர் தொழில் லேசானதல்ல. மூன்று கால் ஸ்டாண்டில் காமிரா. தலைமேல் கறுப்புத் துணி. எதிரே மாளிகையும் தோட்டமும் தீட்டிய திரை. படம் எடுத்தால் மட்டும் போதாது. இருட்டறையில் கழுவ வேண்டும். நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைக்க வேண்டும்.

கல்யாணமா, மஞ்சள் நீராட்டா, பள்ளிக்கூட வகுப்பா, கப்பலேறும் பயணமா, எல்லாவற்றுக்கும் அவரே வேண்டும். சாவு வீட்டிலிருந்து ராத்திரியிலும் ஆள் வரும். பிணத்தை நாற்காலியில் சாய்த்து எடுத்த படமே, சில வீடுகளில் தாத்தாவின் ஒரே படம்!

காரைக்காலுக்குத் தனிக் கதையும் உண்டு. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி பிரெஞ்சுப் பிரஜை என்று ஆகக்கூடிய காலம் அது. அப்படிப் பிரிந்தவர்களைப் பிரியாமல் வைத்திருப்பது குடும்பப் படம் ஒன்றுதான்.

பிழைப்பு போன வழி

ஆதார் மையத்தில் சர்க்கார் காமிராவே படம் எடுக்கிறது. பாஸ்போர்ட் மையத்திலும் அப்படியே. மற்றதைக் கைப்போன் கவனித்துக் கொள்கிறது. 1960-ல் ஊட்டியில் நிறுவப்பட்டு, 'இந்து' பிலிம் தந்த சர்க்கார் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. 2012-ல் கோடக் கம்பெனியே திவால் மனுச் செய்தது. சிற்றூர் ஸ்டூடியோ எம்மாத்திரம்?

தொழில் மாறுவது உலக வழக்கம். அதற்காக அழ வேண்டியதில்லை. ஆனால் கடையைக் காலி செய்யும்போது நெகடிவ் பெட்டி எங்கே போகிறது? பிலிமில் வெள்ளி உண்டு. அதற்காக எடைக்குப் போகிறது. கண்ணாடிப் பிளேட்டின் மேற்பூச்சைச் சுரண்டினால் வெறும் கண்ணாடி. யாரோ ஒருவர் வீட்டுத் தாத்தா, வேறொருவர் வீட்டு ஜன்னலாகிவிடுகிறார்!

சாமியை மீட்ட படம்

பழைய படத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அரியலூர் மாவட்டம் பதில் சொல்லும். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருட்டுப்போன நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2008-ல் வாங்கியது. விலை 50 லட்சம் டாலருக்கு மேல். அது நம் சாமிதான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-ல் எடுத்து வைத்திருந்த படம். 2014-ல் நடராஜர் நாடு திரும்பினார்.

சாமிக்கு உதவிய படம் மனிதருக்கு உதவாதா?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி பட்டினச்சேரியைத் தாக்கியது. கடல் புகுந்த வீட்டில் சுவரில் மாட்டிய படம் தப்புமா? செத்தவர் முகத்தைத் திரும்பப் பார்க்க, ஸ்டூடியோ நெகடிவ் இருந்தால்தான் வழி. 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் சேற்றில் கிடந்த படங்களை லட்சக்கணக்கில் திரட்டி, தொண்டர்கள் கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். படத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

தமிழகத்திலும் புதுவையிலும் உள்ள பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் பிரதி எடுக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் நூலகம் உதவியது. நல்ல காரியம். ஆனால் ஊர் ஊராகச் சென்று எல்லாப் பெட்டிகளையும் திறக்க ஒரு நிறுவனத்தால் ஆகுமா?

கொம்யூன் பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும் முன்வர வேண்டும். நெகடிவ் போட்டோக்காரரிடமே இருக்கட்டும். பிரதி ஊருக்கு வரட்டும். எடுக்கும் பிரதிக்கு அவருக்கு நியாயமான கூலி கொடுக்கட்டும். குடும்பத்தார் சம்மதமின்றி எதையும் வெளியிடலாகாது. எல்லாவற்றுக்கும் முன்னால், படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்த பாட்டிமார்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கிறது சர்க்கார். நிலத்தில் உழைத்தவன் முகத்துக்குப் பட்டா, போட்டோக்காரர் பெட்டியில் இருக்கிறது. அதை எடைக்குப் போடலாமா?