முள்ளை மாத்த விடாத கார்ட்ரிட்ஜ் எதுக்கு?

போன வாரம் கடலை விலை பத்தி எழுதினப்போ, ராத்திரி எல்பி தட்டு கேட்டுக்கிட்டே கணக்குப் பார்த்தேன்னு ஒரு வரி போட்டிருந்தேன். கடலையை விட்டுட்டு எல்லாரும் தட்டைப் பிடிச்சுக்கிட்டீங்க. சந்தோஷம்தான். ஆனா அதுல ரெண்டு கேள்வி என்னை எழுத வெச்சிருச்சு. ஒருத்தர் கேக்குறார், "மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் இல்லாம எல்பி கேக்குறது வீண் இல்லையா?" இன்னொருத்தர் கேக்குறார், "சூட்கேஸ் மாதிரி மூடுற ப்ளேயர் மலிவா கிடைக்குதே, அது போதாதா?"

முதல் ஆளு காசை வீணாக்குறார். ரெண்டாவது ஆளு தட்டை வீணாக்குறார். ரெண்டுக்கும் நடுவுல மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ்னு ஒண்ணு இருக்கு. தேஞ்ச முள்ளைக் கையாலேயே உருவிட்டுப் புது முள்ளைச் சொருகலாம். சம்பளக்காரருக்கும் சம்சாரிக்கும் அதுதான் சரின்னு நான் அடிச்சுச் சொல்றேன்.

காட்டுக்காரனுக்கு இதுல என்ன தெரியும்னு கேக்கலாம். எங்க தாய்மாமா ரேடியோ செட் வெச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு எங்க கூப்பிட்டாலும் குழாயை மரத்துல கட்டிப் பாட்டு போடுவார். கேசட் வந்து அந்தத் தொழில் மாறினப்புறம் மிஞ்சினது ஒரு ப்ளேயரும் இருநூறு தட்டும். இப்ப அது என்கிட்ட இருக்கு. அதுல சிலதை எங்கெங்கேயோ தேடிப் பார்த்தேன், கம்ப்யூட்டர்லயும் கிடைக்கலை, கடையிலயும் கிடைக்கலை. அதனால தட்டு தேயுறது எனக்குச் சின்ன விஷயம் இல்ல. வெளைச்சல் போனா அடுத்த பட்டத்துல பார்த்துக்கலாம். தேஞ்ச தட்டு திரும்ப முளைக்காது.

விஷயம் ரொம்ப எளிசு. தட்டுல இருக்கிறது ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு நீளமான சால். ஓரத்துல ஆரம்பிச்சு நடு வரைக்கும் சுத்திச் சுத்திப் போகும். ஸ்டீரியோ தட்டுல அந்தச் சாலோட ரெண்டு கரையிலயும் தனித்தனியா ஓசை வெட்டியிருக்கும், இடது காதுக்கு ஒரு கரை, வலது காதுக்கு ஒரு கரை. முள்ளு அதுல ஓடும்போது ஆடும். முள்ளோட மறு நுனியில ஒரு சின்னக் காந்தம் இருக்கு. பக்கத்துல அசையாத கம்பிச் சுருள். காந்தம் ஆடினா சுருள்ல மின்சாரம் வரும். பழைய சைக்கிள் டைனமோ தெரியும்ல? அதே தத்துவம்தான். அங்க காந்தம் சுத்துது, இங்க ஆடுது. வர்ற மின்சாரம் சுமார் 3லிருந்து 6 மில்லிவோல்ட். ஃபோனோ சாக்கெட் உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் எதுவும் இதை நேரா வாங்கிக்கும்.

இப்ப அந்த சூட்கேஸ் ப்ளேயருக்கு வருவோம். அதுல பெரும்பாலும் இருக்கிறது செராமிக் கார்ட்ரிட்ஜ். காந்தம் கிடையாது, அழுத்தினா மின்சாரம் தர்ற ஒரு வில்லைதான். அது வேலை செய்யணும்னா முள்ளு 5 கிராம் அளவுக்கு அழுத்தணும். நல்ல மூவிங் மேக்னெட்டுக்கு 2 கிராம் போதும். ரெண்டரை மடங்கு பாரம்! அதுவும் மயிரிழையை விடச் சின்ன நுனி மேல! பாரத்தைக் குறைக்கலாம்னா கையோட பின்பக்கம் எடைக்கல்லே இருக்காது. அந்த முள்ளுக்கு ஆடுற வளைவும் கம்மி, அதனால சாலோட கரையை உரசிக்கிட்டே போகும். நீங்க அமேசான்ல வாங்கின புதுத் தட்டை அதுல போட்டா உங்க பாடு. ஊருக்கு வந்து தாத்தா வீட்டுப் பரண்ல இருந்து அள்ளிட்டுப் போன தட்டை அதுல போடாதீங்க சாமி. "பழைய ஃபீலுக்காக"ன்னு சொல்றீங்க. பழைய ஃபீல் அந்தச் சால்லதான் இருக்கு. அதையே சுரண்டினா எப்படி?

அடுத்தது மூவிங் காயில்காரங்க. இதுல காந்தம் அசையாது, முள்ளோட சேர்ந்து சுருள் ஆடும். நல்லதுல ஆடுற பாகம் லேசா இருக்கிறதால நுணுக்கமா ஓசை எடுக்கும்னு சொல்றாங்க. அதை நான் மறுக்கலை. டெனான் டிஎல்-103னு ஒண்ணு, 1960கள்ல ஜப்பான் வானொலிக்காகச் செஞ்சது, இன்னும் விக்குது. ஆனா அது தர்றது 0.3 மில்லிவோல்ட். அதைக் காதுக்குக் கொண்டுவர இன்னொரு பெருக்கியோ டிரான்ஸ்ஃபார்மரோ வேணும். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. முள்ளு தேஞ்சா நம்ம கையால மாத்த முடியாது. கார்ட்ரிட்ஜையே அனுப்பி நுனி ஒட்டி வாங்கணும், இல்லைன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும். கொழு தேஞ்சா கொழுவை மாத்துவோமா, கலப்பையையே மாத்துவோமா? கறவை மாட்டு விலைக்கு ஒண்ணு வாங்கிட்டு, முள்ளு தேஞ்சிருமேன்னு பயந்து வாரம் ஒரு தட்டு கேக்குறவங்க உண்டு. அது பாட்டு கேக்குறதா, பாட்டுக்குக் காவல் இருக்கிறதா?

மூவிங் மேக்னெட் ஏன் ஒசத்தின்னு ஷூர் கம்பெனி கதையே சொல்லும். அமெரிக்காவுல 1958ல அவங்க எம்3டின்னு ஸ்டீரியோ மூவிங் மேக்னெட் கொண்டுவந்தாங்க. 1964ல வி15. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அதை வெச்சுக் கேட்டாங்க. எம்44-7ஐ டிஸ்கோ போடுற பசங்க உலகம் பூரா வெச்சிருந்தாங்க. 2018ல ஷூர் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுட்டுப் போயிருச்சு. அந்த வண்டிங்க எல்லாம் நின்னு போச்சா? இல்ல. ஜப்பான்ல ஜிகோன்னு ஒரு கம்பெனி அந்த உடம்புக்குப் பொருந்துற முள்ளு செஞ்சு கொடுக்குது. செஞ்சவன் கையை விட்டாலும் பொருள் பிழைக்குது. முள்ளு தனியாக் கழட்ட வர்றதால மட்டும்தான் அது முடிஞ்சுது. டிராக்டருக்கும் மோட்டருக்கும் உதிரி கிடைக்காம அலையுற எனக்கு இதோட அருமை தெரியும்.

சரி, எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டீங்கள்ல.

முதல்ல ஆடியோ-டெக்னிக்கா விஎம்95. இதுல உடம்பு ஒண்ணு, முள்ளு ஆறு வகை. சாதாரண உருண்டை நுனியில ஆரம்பிச்சு, நீள்வட்டம், மைக்ரோ லைன், ஷிபாட்டா வரைக்கும் எதை வேணும்னாலும் அதே உடம்புல சொருகலாம். 78 சுத்து தட்டுக்குன்னு ஒரு தடிச்ச முள்ளும் உண்டு. என் ப்ளேயர்ல இருக்கிறது பச்சை முள்ளு விஎம்95இ, பாரம் 2 கிராம். காசு சேரும்போது மேல போகலாம், ஒரேடியாக் கொட்ட வேண்டியதில்ல.

ரெண்டாவது டென்மார்க்குக்காரங்க ஆர்ட்டஃபான் 2எம் ரெட். பாரம் 1.8 கிராம், சத்தம் பளிச்சுன்னு 5.5 மில்லிவோல்ட். அதுலயே ப்ளூ முள்ளைப் போட்டா ப்ளூ ஆயிரும். பழைய தட்டோட கீறலையும் பளிச்சுன்னு காட்டும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

மூணாவது ஆடியோ-டெக்னிக்காவோட ஏடி3600எல். விலை ரொம்பக் கம்மி, உருண்டை நுனி, பாரம் 3.5 கிராம். இதுவும் மூவிங் மேக்னெட்தான். கையில காசு இல்லைன்னா இது இருக்கிற ப்ளேயரை வாங்குங்க, சூட்கேஸை வாங்காதீங்க.

பாரத்துல ஒரு எச்சரிக்கை. கம்மியா வெச்சா தட்டு தேயாதுன்னு நினைச்சு ஒரு கிராமுக்கு இறக்கிருவாங்க. அது இன்னும் மோசம். ஏரை அழுத்திப் பிடிக்கலைன்னா துள்ளித் துள்ளிப் போகும்ல, அதே மாதிரி முள்ளும் சால்ல துள்ளிக் கரையை இடிக்கும். கம்பெனி சொன்ன அளவுல வைங்க. சின்னத் தராசு ஒண்ணு மலிவாவே கிடைக்குது.

78 தட்டு இருந்தா எல்பி முள்ளால தொடாதீங்க. அது அரக்குத் தட்டு, சால் அகலம். எல்பி முள்ளு அடியில போய்த் தூசியில உருளும். அதுக்கு உள்ள முள்ளையே மாத்திப் போடுங்க.

முள்ளோட ஆயுசையும் யாரும் சொல்றதில்ல. டவுன்ல ஒரு கடைக்காரர் "வைரம் சார், வாழ்நாள் பூரா வரும்"னு என்கிட்டயே சொன்னார். வைரமும் தேயும். நீள்வட்ட முள்ளுக்கு ஆடியோ-டெக்னிக்கா சொல்றதே 300 மணி நேரம். ஒரு தட்டு ரெண்டு பக்கமும் நாப்பது நிமிஷம்னு வைங்க, 450 தட்டு. தினம் ஒண்ணு கேட்டா ஒண்ணேகால் வருஷம். அதுக்கப்புறம் தேஞ்ச நுனி உளியா மாறிச் சாலைச் செதுக்க ஆரம்பிக்கும். கழட்டுற முள்ளா இருந்தா மாத்திருவீங்க. கழட்ட முடியாததுன்னா, இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்னுதான் மனசு சொல்லும். மனுஷன் புத்தி அப்படி.

அதனால பட்டணத்து மக்களே, வாங்கும்போது மரப்பெட்டியையும் ப்ளூடூத்தையும் பார்க்காதீங்க. கடைக்காரர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. முள்ளு கழட்ட வருமா? மாத்து முள்ளு என்ன விலை? பாரத்தை மாத்த எடைக்கல் இருக்கா? மூணுக்கும் நேரா பதில் வரலைன்னா வெளிய வந்திருங்க. தட்டு பரண்லயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். அங்க அது தேயாது.